தண்ணி ஊத்தினா வெள்ளை

இக்னேஷியஸ் எழுந்தான். பல் தேய்த்தான்.

பேஸ்ட் கிடையாது. வெறும் விரல். பேஸ்ட் நாக்கைக் கெடுக்கும். நாக்கு கம்பெனி சொத்து.

பால் காய்ச்சினான். கஞ்சி வைத்தான். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, காபி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எசென்ஸ் கம்பெனியில் ருசி பார்ப்பது அவன் வேலை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, நாள் முழுக்கத் துப்புவதற்குச் சம்பளம்.

சட்டையில் ஒரு பட்டன் இல்லை. தைத்தான். போட்டுக்கொண்டான்.

சுவரில் படமாக மனைவி அருள்செல்வி. வயது இருபத்தாறு. இனிமேலும் இருபத்தாறுதான்.

மாலையைத் துடைத்தான். பிளாஸ்டிக் மாலை. வாடாது. தூசி மட்டும் படியும்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. வேம்புலியம்மாள். கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருவுக்கே ஒரே போன் அவள் வீட்டில்தான்.

"இன்னாபா இக்னேசு... போலீஸ் டேசன்லேர்ந்து போன் வந்துகீது. எதுனா பண்ட்டியா?"

"இல்லக்கா."

"பண்றதுன்னா சொல்ட்டு பண்ணு. போனு எம் பேர்ல கீது."

லைனில் இன்ஸ்பெக்டர் அமீருதீன். போன மழைக்காலத்தில் அருள்செல்வியை லாரி அடித்தபோது, கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலை ஒப்படைத்தவர். அந்த வகையில் பழக்கம்.

"தம்பி, சாப்ட்டியா?"

"ஆச்சு சார்."

"நல்லது. அப்படியே முகப்பேர் வந்துடு. ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டு. ஒரு பொணம் இருக்கு. பக்கத்துல ஒரு பாட்டில் இருக்கு. அதை நீ கொஞ்சம் ருசி பாக்கணும்."

"எதை சார்?"

"பாட்டிலைத்தான்யா."

இரண்டாவது மாடி. வாசலில் ஏட்டு. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

நாற்காலியில் பிரகாசம். நாற்பது வயது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாயோரம் நுரை. மேஜையில் கண்ணாடி டம்ளர். அதில் பாதி மிச்சம்.

பால் போல் வெள்ளையாக இருந்தது.

டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில். பிரெஞ்சு லேபிள். உள்ளே இருந்தது பச்சை.

சமையலறை நிலையில் சாய்ந்தபடி பிரகாசத்தின் மனைவி ஜெயகுமாரி. அழவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரோரம் கைவிலங்குடன் ஒருவன் குந்தியிருந்தான். பாஸ்கரன். சென்னீர்குப்பம் ஹைவேயில் பழைய சாமான் கடை. கிராமபோன், உடைந்த கடிகாரம், யார் வீட்டுத் தாத்தாவோ பிரேம் போட்டு... எல்லாம் கிடைக்கும்.

"கதை இதுதான் தம்பி," என்றார் அமீருதீன். "இந்தப் பாஸ்கரன் பாட்டிலை வித்தான். பேரு அப்சாந்த்தாம். பிரெஞ்சுக்காரன் குடிக்கிற சாராயமாம். பாண்டிச்சேரில ஒரு பழைய பங்களாவுலேர்ந்து எடுத்ததாம். இந்த ஆளு விடியக்காலைல எழுந்து குடிச்சிருக்கான். முடிஞ்சிது."

"விடியக்காலைலயா?"

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு இருந்திருக்கும்." அவர் ஜெயகுமாரி பக்கம் திரும்பினார். "நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லும்மா."

"டம்ளர்ல ஊத்தினாரு. தண்ணி ஊத்தினாரு. பால் மாரி வெள்ளையாச்சி. குட்சாரு. சாஞ்சாரு."

பாஸ்கரன் தலையைத் தூக்கினான்.

"வெள்ளையாச்சா?"

குரலில் நிஜமான ஆச்சரியம். உடனே சுதாரித்துக்கொண்டான்.

"ஆவும் சார். ஒர்ஜினல்னா வெள்ளையாவும். அத்தான் அதுக்கு அடையாளம்."

"பாத்தியா?" என்றார் அமீருதீன். "டம்ளர்ல இருக்கறது அவன் சரக்குதான்னு அவன் வாயாலயே சொல்றான். பாட்டில்ல விஷம். மதியம் பூந்தமல்லி கோர்ட்ல கொலைக்கேஸ் போட்டு நிறுத்தப் போறேன். லேப் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள இவனுக்கு ஜெயில்ல தலை நரைச்சிடும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுக்கலாம்னு பாத்தேன். எனக்கு டம்ளரும் மருந்து நாத்தம், பாட்டிலும் மருந்து நாத்தம். வித்தியாசம் தெரியல."

"அப்சாந்த்னாலே மருந்து நாத்தம்தான் சார். அதுக்குத்தான் மவுசு," என்றான் பாஸ்கரன்.

"நீங்க ருசி பாக்கலையா சார்?" என்று கேட்டான் இக்னேஷியஸ்.

"நான் தொட மாட்டேன். ஏட்டு தொடுவான். தொட்டா விட மாட்டான். நீ இதெல்லாம் பாத்திருக்கியா?"

"ஒரு தடவை. ஸ்பெயின்லேர்ந்து கம்பெனிக்கு சாம்பிள் வந்துச்சு. ஒரு வாரம் அதான் வேலை."

அவன் பாட்டிலை எடுத்தான். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தான். ஜன்னலடியில் சிமெண்ட் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. வெகுநாள் ஏதோ நின்ற இடம்.

"எந்த வருஷத்துச் சரக்கு?"

"மொத உலக யுத்தத்துக்கு முன்னாடி," என்றான் பாஸ்கரன் பெருமையாக. "அதுக்கப்பறம் பிரான்ஸ்ல தடை பண்ட்டான்."

"அப்போ வாடின இலை நிறத்துக்கு வந்திருக்கணும். இலையிலேர்ந்து வர்ற பச்சை அவ்ளோ வருஷம் நிக்காது. இது நேத்து கலந்த பச்சைக் கலர் பவுடர் மாதிரி இருக்கு."

"நல்லா பராமரிச்சிருப்பாங்க சார்."

மூடியைத் திறந்தான். மூக்கருகில் கொண்டுபோனான்.

அப்படியே நின்றான்.

ஏட்டு இருமினார். ஃபேன் கிறீச்சிட்டது. இக்னேஷியஸ் நகரவில்லை.

மரிக்கொழுந்து.

சனிக்கிழமை சாயங்காலம் அருள்செல்வி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது, அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டி வந்துவிடும் வாசனை. தலையணையில் இருந்தது. பிறகு தலையணை உறையைத் துவைத்துவிட்டான். அதோடு சரி.

"என்னய்யா?" என்றார் அமீருதீன்.

இக்னேஷியஸ் இன்னொரு தடவை முகர்ந்தான். விரல் நுனியை நனைத்தான். நாக்கில் வைத்தான்.

அமீருதீன் பாய்ந்தார். கையைத் தட்டிவிட்டார். லேட்.

"பைத்தியமா நீ? அதுல விஷம்னு சொல்லிட்டிருக்கேன்ல..."

"நீங்கதானே சார் ருசி பாக்கக் கூப்ட்டீங்க."

"மோந்து பாப்பேன்னு நெனச்சேன்டா."

பாஸ்கரன் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டான். ஏட்டு, விழுந்தால் பிடிக்கலாம் என்று ஒரு அடி முன்னால் வந்தார். அப்புறம் யோசித்து ஒரு அடி பின்னால் போனார்.

எல்லோரும் இக்னேஷியஸைப் பார்த்தார்கள்.

இக்னேஷியஸ் வாஷ்பேசினில் துப்பினான். வாயைக் கொப்பளித்தான்.

"ஒண்ணும் பண்ணலையா?" அமீருதீன் குரல் இறங்கியிருந்தது.

"இன்னும் இல்ல."

"பயமா இல்லையாய்யா உனக்கு?"

"இதுல சோம்பு இல்ல சார்."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்ற?"

"அப்சாந்த்ல ரெண்டு சரக்கு முக்கியம். ஒரு கசப்பு இலை. சோம்பு. தண்ணி ஊத்தினா வெள்ளையாகறது சோம்பு எண்ணெயாலதான். இதுல சோம்பே இல்ல." ஜெயகுமாரியைப் பார்த்தான். "ஐஸ் தண்ணி இருக்காம்மா? ஒரு டம்ளர், கொஞ்சம் சர்க்கரை. ஓட்டை போட்ட ஸ்பூன் இருந்தா நல்லது."

"ஓட்ட போட்டதுன்னா ஜல்லிக் கரண்டிதான் கீது," என்றாள் அவள். "பூரி சுடறது."

"பரவால்ல."

கொண்டுவந்தாள். பானைத் தண்ணீர், ரேஷன் சர்க்கரை. மழைக்குக் கட்டிதட்டிப் போயிருந்ததால் அதுவே கட்டிச் சர்க்கரை ஆகிவிட்டது. டம்ளரில் கொஞ்சம் பச்சை. அதன்மேல் டம்ளரை விடப் பெரிய ஜல்லிக் கரண்டி. அதன்மேல் சர்க்கரை. பாரிஸில் இதைச் செய்ய வெள்ளிக் கரண்டி வைத்திருப்பார்கள். முகப்பேரில் இதுதான்.

துளித் துளியாகத் தண்ணீரை விட்டான்.

பச்சை.

இன்னும் விட்டான்.

வெளிறிய பச்சை. ஆனால் கண்ணாடி போல் தெளிவு. அந்தப் பக்கம் இருந்த ஏட்டின் தொப்பை பச்சையாகத் தெரிந்தது.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தார்கள். ஜெயகுமாரி மட்டும் பார்க்கவில்லை.

"டூப்ளிகேட்," என்றான் இக்னேஷியஸ்.

பாஸ்கரன் எழுந்துவிட்டான். "இன்னா சார் பேச்சு இது? பதினெட்டு வருசமா கடை வெச்சிகீறேன். எங்கிட்ட டூப்ளிகேட்டுன்னு ஒர்த்தன் சொன்னதில்ல. நாலு ஓட்டலுக்கு சப்ளை பண்றவன் நானு."

"ஒக்காருய்யா," என்றார் அமீருதீன்.

"மார்க்கெட்ல எம் பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

இக்னேஷியஸ் நிதானமாகச் சொன்னான். "அண்ணே, பாட்டில்ல விஷம் கலந்திருந்தா, இப்ப இந்த டம்ளரும் அந்த டம்ளர் மாதிரியே வெள்ளையாகியிருக்கணும். ஆகல. அதாவது நீங்க வித்தது போலி. போலிச் சரக்கு வித்தவர், கொலைகாரர் இல்ல. புரியுதா?"

"ஒர்ஜினல்னா?"

"ஒரிஜினல்னா கொலைக்கேஸ்."

பாஸ்கரன் யோசித்தான். நெற்றியில் வியர்த்தது. அவன் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"கொலைக்கேஸுன்னா தூக்கு கன்பார்மா சார்?"

"கன்ஃபர்ம்," என்றார் அமீருதீன், மனசாட்சியே இல்லாமல்.

"அப்ப டூப்ளிகேட்டுதான் சார்." குந்தினான். தலையில் கை வைத்துக்கொண்டான். "சாராயம், பச்சை கலரு, ரெண்டு பிடி மரிக்கொழுந்து. பிரெஞ்சுக்காரன் போடற கசப்பு இலை இங்க கெடைக்கல. மரிக்கொழுந்து அதுக்கு ஒண்ணு வுட்ட தங்கச்சின்னு பூக்கடைக்காரன் சொன்னான். சோம்பு போடணும்னு எவனும் சொல்லல. வெளில சொல்லிடாதீங்க சார்."

"அப்போ..." அமீருதீன் பிரகாசத்தின் டம்ளரைப் பார்த்தார். "அந்த டம்ளர் எப்படி வெள்ளையாச்சு?"

"வேற ஏதோ கலந்திருக்கு சார். தண்ணி பட்டா பாலாகிற மருந்து. இந்தச் சரக்கு வெள்ளையாகும்னு கேள்விப்பட்டு, அதுல மறைச்சிடலாம்னு நம்பிக் கலந்திருக்காங்க. சரக்கு போலின்னு அவங்களுக்குத் தெரியல. அதான் தப்பு."

அமீருதீன் மெல்லத் திரும்பினார்.

வீட்டில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் நாற்காலியில்.

"ஏட்டு, சமையல்கட்டைச் சோதனை போடு."

"வாணாம் சார்," என்றாள் ஜெயகுமாரி. "சாமானையெல்லாம் கலைச்சிப் போட்ருவீங்கோ. அரிசி டின்னுக்குப் பின்னாடி கீது. மூட்டப்பூச்சி மருந்து."

விசிறுவதை நிறுத்தினாள்.

"ஜன்னலாண்ட பாத்தியே தம்பி, அங்கதான் என் தையல் மிசினு இருந்திச்சி. இந்த ஊட்டுல அடுப்பு எரிஞ்சது அதாலதான். அத்த வித்துட்டுதான் இந்தப் பாட்டில வாங்கியாந்தாரு, பிரெஞ்சு தொரை."

பாஸ்கரன் மட்டும் தன் சரக்கின் விலையை நினைத்து ஒரு கணம் வெட்கப்பட்டான். ஒரு கணம்தான்.

"போலாமா சார்?" என்றாள் அவள்.

சாயங்காலப் பேப்பர், 'கணவன் உடல்மீது விழுந்து கதறினாள்' என்று எழுதியது. 'என்னை மன்னித்துவிடுங்கள் அத்தான் என்று புலம்பினாள்' என்றும் எழுதியது. அப்படி எதுவும் நடக்கவில்லை.

கீழே ஜீப். மூன்று பிளாக் ஜனமும் பால்கனியில். இக்னேஷியஸ் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான். விரலை ஒரு தடவை மூக்கருகில் கொண்டுபோனான். கழுவியிருந்தான்.

அமீருதீன் ஜீப் கதவைப் பிடித்தபடி அவளிடம் சொன்னார்.

"நீ ஏமாந்ததுதாம்மா உன்னை மாட்டிவிட்டுடுச்சு. வெள்ளையாகும்னு நம்பிட்ட."

ஜெயகுமாரி ஏறி உட்கார்ந்தாள். புடவையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு அவள் சொன்னது இதுதான்.

"நானா நம்பினேன்? ஒரு வாரமா தெனம் தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தாரு. வெள்ளையாவல, வெள்ளையாவலன்னு என்னியப் போட்டு அட்சாரு. சரின்னு இன்னிக்கி நானே ஆக்கிக் குட்த்தேன். டம்ளர வாங்கிப் பாத்துட்டு, கல்யாணமான நாள்லேர்ந்து மொத தபா, 'தேங்க்ஸ்'னாரு சார்."