கார்வினுக்கு வந்த செய்தி

வெள்ளம் வடிந்து சேறு காய்ந்திருந்த ஒரு காலையில், இடெல்லா தன் தங்கை வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். கென்டக்கி மலைப்பள்ளத்தில் அந்த வீடும், பின்னால் இறைச்சிக்குப் புகைபோடும் புகையறையும்தான் மிச்சம். தங்கை நெட்டியை ஓடை அடித்துக்கொண்டு போனதாக நெட்டியின் கணவன் கார்வின் சொல்லியிருந்தான். உடல் கிடைக்கவில்லை.

போன் கம்பி அறுந்த ஊர்களுக்கு வரும் எழுத்துச் செய்திகளை, வீட்டிலிருந்தே வானொலி இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் விடிகாலையில் அலைவரிசையில் கூடிக் கைமாற்றுவார்கள். இடெல்லாவும் அதில் ஒருத்தி, நெட்டியும்தான். அன்று அவள் கிளம்புமுன், கூட்டம் கலையும் நேரத்தில், குட்டையும் நீளமுமான தட்டுகளால் எழுத்தைச் சொல்லும் மோர்ஸில் மெலிந்த தட்டல் ஒன்று குறுக்கே வந்தது. ஒவ்வொரு சொல்லின் கடைசித் தட்டும் நொண்டி இழுத்தது. கார்வின் ஒருமுறை சுத்தியலால் நசுக்கிய நெட்டியின் விரலின் இழுப்பு அது. வேறு எவருக்கும் அந்தக் கை கிடையாது.

செய்தி கார்வினுக்கு. அதைக் கேட்டதும், கூட்டத்தை நடத்தும் வெண்டெல், காவல் அதிகாரி ஷெரிஃபிடம் போகும்படி இடெல்லாவைக் கெஞ்சினார்.

"பேரு போட்ட ஆளுக்குத்தான் குடுக்கணும் வெண்டெல். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே?" என்றாள்.

கார்வின் சமையலறையில் சோளரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"வா இடெல்லா. உங்க டிக்டிக் கூட்டம் இன்னும் சாகலையா?"

அவள் ஒரு சொல் மாற்றாமல் வாசித்தாள்.

"வெள்ளம் இல்லை கார்வின். புகையறைத் தரைக்கு அடியில் இருக்கிறேன். சுத்தியல் என்னிடம் இருக்கிறது. திருப்பித் தர வருகிறேன். நெட்டி."

மெல்லுவது நின்றது. அடுத்த கணம் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தான்.

"யார்கிட்டல்லாம் சொன்ன?" என்று கிசுகிசுத்தான்.

அவள் கண் இருண்டது.

ஈரமண் வாடை வந்தது.

அவன் சுட்டுவிரல் பின்பக்கமாக மடங்கி முறிந்தது.

பிறகு நடுவிரல்.

கீழே விழுந்தவன் மேல் அடி இறங்கியது. சுத்தியல் தெரியவில்லை, ஓசை மட்டும். குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. வேண்டாமென்று நினைத்தும் இடெல்லாவின் காது அதைப் படித்தது. அவன் பெயர். எலும்பு எலும்பாக, எழுத்தெழுத்தாக.

நெற்றியில் விழுந்த கடைசி அடி நொண்டி இழுத்தது.

இடெல்லா அழைத்து வந்த ஷெரிஃப், கார்வினின் பிணத்தைத் தாண்டிப் போய்ப் புகையறைத் தரையைப் பெயர்த்தார். நெட்டி இருந்தாள், செத்துப் பல நாளாகி. அவள் கையில் சுத்தியல். அதில் ரத்தம் இன்னும் உறையவில்லை.

மறுநாள் காலை, செய்தி சேர்ந்துவிட்டது என்று இடெல்லா வழக்கம்போலத் தட்டினாள். மெலிந்த தட்டல் நன்றி சொன்னது. கார்வினின் பதில் இருக்கிறது, எழுதிக்கொள் என்றது.

கார்வினுக்கு மோர்ஸில் ஒரு எழுத்துகூடத் தெரியாது.

தட்டல் தொடங்கியது. தடுமாறி, முறிந்த விரலோடு.

"போதும்."

யாரோ அவன் கையைப் பிடித்து அழுத்தியதுபோல, சொல்லின் கடைசித் தட்டு மட்டும் நொண்டி இழுத்தது.