இன்றைய தேதியில் ஒரு மரணம்

போன் அலறியது.

மருந்துக்கடையில் கூட்டம். ஒரு கையில் இருமல் டானிக், மறு கையில் போன்.

"சொல்லுங்க அத்தை..."

"நீ... நீ உயிரோடதான் இருக்கியாடி?"

மருந்துக்கடைக்காரிக்குச் சிரிப்பு வந்தது. "இல்ல அத்தை, ஆவியா நின்னு மாத்திரை விக்கிறேன்!"

"விளையாடாதே! நம்ம வம்சாவளி போட்டிருக்கற குடும்ப மர வெப்சைட்டைப் பாரு!"

பார்த்தாள்.

அவள் போட்டோ. அவள் பெயர். கீழே...

இறப்பு: இன்று. காரணம்: விபத்து.

டானிக் பாட்டில் நழுவிச் சிதறியது!

அந்த வெப்சைட்டின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல்.

"இறந்தவங்க பக்கத்தை உறவுக்காரங்கதான் திருத்த முடியும் மேடம்."

"இறந்தவளே நான்தாம்மா!"

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம்..."

"இதைப் போட்டது யாரு? அதையாவது சொல்லு!"

கீபோர்டு தட்டும் சத்தம். "உங்க கணவர் பேர்ல இருக்கற கணக்கு மேடம்."

அவரா?

நேற்றுதான் வீட்டில் பெரிய சண்டை. கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன மனுஷன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும்... அவருக்கு ஒரு மெயில் அனுப்பக்கூடத் தெரியாதே!

"நல்லா பார்த்துட்டுத் திரும்பக் கூப்பிடும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

வைத்த உடனே அத்தை.

"பதிவு உன் புருஷன் பேர்ல இருக்குடி! நேரா என் வீட்டுக்கு வா. அவன்கிட்ட மூச்சு விடாதே. யாருகிட்டயும் சொல்லாதே!"

கணவனின் எண் ஒளிர்ந்தது. துண்டித்தாள். மறுபடி ஒளிர்ந்தது. மறுபடி துண்டித்தாள். ஆட்டோவில் ஏறியவளுக்கு அழுகை முட்டியது. பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கிலும் அவரே வருவது போலிருந்தது.

நான்காவது மாடி. அத்தை அவளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உக்காரு தங்கம். சூடா காபி போடறேன்."

அத்தை சமையலறைக்குள் போக, போன் அதிர்ந்தது. உதவி எண்!

"மேடம், அந்தக் கணக்கு இன்னிக்குக் காலைலதான் ஆரம்பிச்சிருக்காங்க. குடும்ப மரத்தை நிர்வாகம் பண்றாங்களே உங்க அத்தை... அவங்க மெயில்லேர்ந்து!"

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. போன வாரம் நீங்க ஒரு திருத்தம் அனுப்பியிருந்தீங்க. உங்க மாமா இறந்த நாள் செவ்வாய் இல்ல, ஞாயிறுன்னு. நகராட்சிப் பழைய பதிவோட. அதையும் அவங்க அழிச்சிருக்காங்க."

ஞாயிறு! ஏதோ கைப்பிழை என்று நினைத்துத்தான் திருத்தி அனுப்பியிருந்தாள்.

தான் திங்கட்கிழமையே வெளியூர் போய்விட்டதாகவும், மறுநாள் மாமா மாடிப்படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்ததாகவும்தான் அத்தை இத்தனை வருடமும் அழுது வந்தாள். ஞாயிறு என்றால்... அத்தை வீட்டில்தான் இருந்திருக்கிறாள்!

"யாருடி போன்ல?"

அத்தை. கையில் காபி.

ஸ்பீக்கரை அழுத்தி, போனை அணைக்காமல் சோபாவில் கவிழ்த்தாள்.

"கடையிலேர்ந்து... அத்தை, மாமா செத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

அத்தையின் முகத்திலிருந்து பாசம் வடிந்து போனது.

"எழுத்துப் பிழை, பேர்ப் பிழை... எதை வேணா திருத்தியிருக்கலாம். அந்த ஒரு தேதியில ஏன்டி கை வெச்சே?"

"நீங்களா... தள்ளினீங்க?"

"ஆமா! தினம் அடிச்சான். ஒருநாள் நான் தள்ளினேன். குடி இதை!"

"மாட்டேன்!"

"குடிச்சா வலிக்காது. பால்கனிக்கு நானே தாங்கிட்டுப் போவேன். பதிவு உன் புருஷன் பேர்ல. போலீஸ் அவனைத்தான் தூக்கும்!"

காபியை வைத்துவிட்டு அத்தை அவள் கையைப் பற்றினாள். பிடி இரும்பாக இறுகியது. பால்கனிக் கதவு திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. கம்பியில் இடுப்பு இடித்தது. கீழே கார்கள், தீப்பெட்டி தீப்பெட்டியாக...

"அத்தை... விட்டுடுங்க! நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்!"

"நீ சொல்ல மாட்டே. தெரியும்!"

அப்போது சோபாவில் கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து ஒரு குரல் கத்தியது.

"மேடம்! இந்த அழைப்பு பதிவாகிட்டிருக்கு! நிர்வாகி விலாசத்துக்குப் போலீஸ் கிளம்பியாச்சு!"

அத்தை திடுக்கிட்டுத் திரும்பிய ஒரு நொடி!

உதறிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டாள். கதவு அதிர்ந்தது... அதிர்ந்தது... பிறகு வெளிக்கதவு உடையும் சத்தம். பூட்ஸ் கால்கள்.

இன்ஸ்பெக்டர் அத்தையைக் கூட்டிப் போனார். அடுத்த நிமிஷமே போலீஸ் சொன்ன தகவல் கேட்டு ஓடி வந்தார் கணவர், வேர்க்க விறுவிறுக்க.

"நேத்து பேசினது தப்புன்னு சொல்லத்தானே கூப்பிட்டேன்... ஏன் கட் பண்ணே?"

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

சோபாவில் போன் இன்னும் உயிரோடிருந்தது.

"மேடம்... உங்களை உயிரோட இருக்கறவங்க பட்டியல்ல மாத்திட்டேன். வேற ஏதாவது திருத்தம் இருக்கா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கும்மா. எங்க அத்தை பக்கத்துல விலாசத்தை மாத்திடு... மத்திய சிறைன்னு!"