பின் சீட் காலி

பிரேக்கை அவள் மிதித்தது என்னவோ மெதுவாகத்தான்.

அந்தப் பழைய கார்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மழை நனைத்த ரோட்டில் பின்பக்கம் மட்டும் தனியாகக் கிளம்பி, முன்பக்கத்தை முந்தி, அரை வட்டம் அடித்து... ஒரு கடை வாசலில் அடுக்கியிருந்த டயர்களை லேசாக உரசி நின்றது. வந்த திசையைப் பார்த்தபடி.

அவளுக்கு மூச்சு திரும்புவதற்குள் ஜன்னலில் ஒரு விரல் தட்டியது. கண்ணாடியை இறக்கினாள். குடையில்லாமல், தலைமுடியில் மழை சொட்டச் சொட்ட ஒரு இளைஞனின் முகம்.

"பார்க்கிங் பிரமாதம். டயர் வாங்கணும்னா இறங்கியே வந்திருக்கலாமே..."

அவள் நிமிர்ந்து முறைத்தாள். பெரிய கண்கள். கோபத்தில் இன்னும் பெரிதாகி, இமை நுனியில் ஒரு துளியைத் தாங்கிக்கொண்டு... அது மழைத்துளி இல்லை என்பது அவனுக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் உறைத்தது. சிரிப்பை அப்படியே விழுங்கினான். அடி பட்டதா என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வண்டிதான் போச்சு."

பிறகு, முன்பின் தெரியாத அவனிடம் ஏன் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லி முடித்தாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக்கொடி, சிவப்புக்கொடி தவிர வாழ்க்கையில் வேறு நிறம் பார்க்காதவர். போன மாதம் மழையில் வண்டி இப்படித்தான் சுற்றியது. 'உனக்கு ஓட்டத் தெரியலை. இன்னொரு தடவை சுத்தினா வித்துடுவேன்' என்று சொல்லிவிட்டார். வாங்க ஆளும் தயார். அண்ணனோடு ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டு அவள் வளர்ந்ததே அந்தக் காரில்தான். இப்போது அண்ணன் வேறு ஊரில். வண்டியாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள்...

கேட்டவன் தன் கடைக்குள் ஓடினான். டார்ச்சை எடுத்துக்கொண்டு, ஈரத் தரையில் மல்லாந்து, காருக்கு அடியில் போய்விட்டான். பழைய கார்களுக்குப் பிரேக் சாமான் விற்பதும் மாட்டுவதும் அவன் தொழில். ஊரில் கார்க்காரர்கள் அத்தனை பேரும் அவனை 'டிரம்' என்றே கூப்பிட்டு, சொந்தப் பெயரை அவனே மறக்கும் நிலைமை. வெளியே வந்தபோது முதுகு பூராவும் சேறு. முகம் பூராவும் வெளிச்சம்.

"உங்க மேல தப்பில்ல. பின்னாடி இருபத்திரண்டு போட்டிருக்காங்க."

பின் சக்கரத்தோடு சுழலும் டிரம் என்ற இரும்புக் கிண்ணத்துக்குள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர் இருக்கிறது. பெடலை மிதித்தால் பிரேக் ஷூக்களை விரித்துத் தள்ளி டிரம்மைப் பிடிக்க வைப்பது அதுதான். இந்தக் காருக்குப் பத்தொன்பது மில்லிமீட்டரும் உண்டு, இருபத்திரண்டும் உண்டு. பெரியது போட்டால் பின் சக்கரம் பலமாகப் பிடிக்கும். ஈர ரோட்டில் முன் சக்கரத்துக்கு முன்னால் அது சுழலாமல் பூட்டிக்கொண்டால்... இப்போது நடந்ததுதான் நடக்கும்.

பெரிய சைஸ்தான் வேண்டும் என்று கடையில் நின்று அடம்பிடித்து வாங்கியது யார் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அப்பாதான். அவசரமாக ஒரு யோசனை சொன்னாள். அப்பா நாளைக்கு வெளியூர் போகிறார். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால்?

"மாட்டேங்க," என்றான் அவன். "அவரும் ஓட்டற வண்டி. பெடல் மாறினது தெரியாம அவர் மிதிக்கக் கூடாது. சொல்லிட்டுத்தான் செய்வேன்."

"அவர் செஞ்சது தப்புன்னு அவர் முகத்துக்கு நேரா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"நான் சொல்றேன்."

"அப்ப வண்டியை வித்த மாதிரிதான்." படாரென்று கதவைச் சாத்தினாள். பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளை... வீடு வரைக்கும் வைப்பர் இரண்டும் அவனையே திட்டிக்கொண்டு வந்தன. ஆனால் சேறு அப்பிய அந்த முதுகு ஏன் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது?

அவள் வேலை செய்வது மூக்குக் கண்ணாடிக் கடையில். உள்ளே சின்ன இருட்டறை, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. இரண்டு நாள் கழித்து அந்த இருட்டறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தது... சாட்சாத் டிரம்மேதான்.

தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிவதாகச் சொன்னான். வலது கண்ணை மூடச் சொல்லி இடதுக்கு வில்லை மாற்றினாள். இடதை மூடி வலதுக்கு மாற்றினாள். இவ்வளவு பக்கத்தில் அவன் மூச்சு கேட்டது. அல்லது அவளுடையதா? கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் படித்தான்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லையே..."

"தெரியும்," என்றான். "உங்க அப்பாகிட்ட பேசலாமான்னு கேக்க வந்தேன். நீங்க சரின்னா மட்டும். இல்லன்னா கண்ணாடிக்கு அளவெடுங்க, வாங்கிட்டுப் போறேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்த பிறகு கோபத்தைத் தேடிப் பார்த்தாள்... கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, மழை விட்டும் ஈரம் காயாத மைதானம். அவன் சொன்னதையெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டர் கை கட்டிக் கேட்டார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எல்லாரும் ஏறுங்கள், கண்ணாலேயே பாருங்கள் என்றார். பின் சீட்டில் அவள், அவன், இரண்டு பேருக்கும் நடுவில் எல்லைச் சுவர் மாதிரி அவள் அம்மா. வண்டி வேகமெடுத்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். கோடு போட்டாற்போல நேராக நின்றது.

"பாத்தீங்களா தம்பி? கோணல் வண்டியில இல்ல."

டிரம்மின் முகம் விழுந்துவிட்டது. மறுபடி மிதிக்கச் சொன்னான். மறுபடியும் நேராகவே நின்றது. சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துப்போகச் சொல்லி வாங்கும் ஆளுக்குப் போன் போடப் போவதாக அப்பா சொன்னார். இவனை நம்பியது முட்டாள்தனமா? திரும்பிப் பார்த்தாள். கீழே குனிந்திருந்த அந்தக் கண்கள்... நேற்று அவள் ஒவ்வொன்றாக மூடித் திறக்கச் சொன்னவை...

ஒவ்வொன்றாக.

இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். அதனால்தானே ஒன்றை மூடுகிறோம்?

"அப்பா... நாங்க மூணு பேரும் இறங்கிக்கறோம். நீங்க மட்டும் ஒரு தடவை ஓட்டுங்க. நான் எப்பவும் தனியாத்தானே ஓட்டறேன்."

ஓட்டினார். மிதித்தார். ஸ்டேஷன் மாஸ்டரை ஏற்றிக்கொண்டு கார் அழகாக அரை வட்டம் அடித்து, அவர்களைப் பார்த்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அப்புறம் மெல்லத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"இதை வாங்கி மாட்டினப்போ பின்னாடி எப்பவும் நாலு பேர் இருப்பீங்க," என்றார். "உங்க அத்தை, அவ பொண்ணு, அண்ணன், நீ..."

"நாலு பேருக்கு இருபத்திரண்டுதான் சார் சரி," என்றான் டிரம் தாழ்ந்த குரலில். "பாரம் இருந்தா பின் சக்கரம் சறுக்காது. அதை நான் யோசிக்கல. உங்க பொண்ணுதான் கண்டுபிடிச்சாங்க."

"வீட்டுல ஆள் குறைஞ்சது வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல." சாவியை உருவி மகள் கையில் வைத்தார். "சின்னதையே போடுங்க தம்பி. ஆனா நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

டிரம்மின் கடையில் நின்றார்தான். முதல் சக்கரம் முடியும் வரைக்கும். பிறகு, நல்லவேளையாக, மனைவியோடு டீ குடிக்கப் போனார்.

கடைக்கு வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டது. தூக்கி நிறுத்திய காருக்குப் பக்கத்தில் அவன் முட்டி போட்டிருந்தான். அவள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் சக்கரத்தைவிட்டு அடிக்கடி அவன் முகத்துக்கு நழுவியது.

"இனிமே சைஸ் முடிவு பண்றதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒரு கேள்வி கேக்கணும்," என்றான் தலை நிமிராமல். "வண்டியில வழக்கமா எத்தனை பேர் போவீங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தி."

"இனிமே?"

டார்ச் வெளிச்சத்தைக் காலியான முன் சீட்டுக்குத் திருப்பினாள்.

"ரெண்டு பேர்னு வெச்சுக்கலாம். முன் சீட்டுக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டா..."

ஸ்பேனர் கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவன் எடுக்கவில்லை.

"அன்னிக்கு மழையில ஜன்னலை இறக்கினீங்களே... அப்பவே ஒத்துக்கிட்டேன். கண்ணுல கோளாறுன்னு வந்தது முழுப் பொய்யில்லீங்க. அதுக்கப்புறம் வேற யாரும் தெரியவே மாட்டேங்கறாங்க."

பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரிப் பக்கம் திரும்பினாள். அங்கே மேல் தட்டில், சுத்தமாகத் துடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, துணி விரித்து வைத்திருந்த இரண்டு சிலிண்டர்கள். அப்பாவின் இருபத்திரண்டு.

"இதைத் தூக்கிப் போடலையா?"

"எதுக்குப் போடணும்?" குரல் காருக்கு அடியிலிருந்து வந்தது. முகத்தைக் காட்டத் துணியவில்லை போலிருக்கிறது. "பின் சீட் நிறைஞ்சா... திரும்ப மாட்டணுமில்ல?"

அவள் காது மடல் இரண்டும் சூடாகிப் போயின.

"டிரம்..."

"ம்..."

"முதல்ல பத்தொம்போதை ஒழுங்கா மாட்டுங்க."

சொல்லிவிட்டு, காற்றில் விலகியிருந்த துணியை இழுத்து, அந்த இரண்டு சிலிண்டர்களையும் பத்திரமாகப் போர்த்தி வைத்தாள்.