பெயின்ட் டப்பாவில் வளர்ந்த செடி

“மேடம், என் செடியக் கொலகாரின்னுட்டாங்க!” என்று அழுதுகொண்டே மாதுங்கா கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்துக்குள் வந்தாள் தாராவி பேராச்சி. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடா காலையில் அவள் வாசலில் செத்துக் கிடந்ததாம். அங்கே பெயின்ட் டப்பாவில் வளரும் அரளியைத் தின்றுதான் செத்தது என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

“அரளிதானா?” என்று கேட்டார் பேராசிரியை பிரேமலதா.

“பேரு தெரியாது மேடம். அம்போலி மழைக்காட்டுல ரோடு வேலைக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரரு எடுத்தாந்தாரு. இப்ப கொடைக்கு எங்க வரி வேண்டாங்காங்க. வரி வாங்கலன்னா நாங்க ஊர்லயே இல்லன்னுதான அர்த்தம்?”

பிரேமலதா கைப்பையை எடுத்தார். உதவியாளர் ரெபேக்கா அதற்கு முன்பே லென்ஸோடு வாசலில் நின்றாள். இப்படி ஒரு வழக்கை அவள் விடுவாளா என்ன!

ஆனால் தாராவிக்குப் போய்ச் செடியைப் பார்த்ததும் அவளுக்கே பகீரென்றது. நீண்ட, தடித்த, பளபளக்கும் இலைகள். “மேடம், அரளி மாதிரியேதான் இருக்கு,” என்று முணுமுணுத்தாள்.

பிரேமலதா செடியைச் சுற்றிவந்தார். மூடியிருந்த கோணியை விலக்கிக் கிடாவைப் பார்த்தார். அதன் கழுத்தில் வெறும் நார் தொங்கியது.

“மாலை போட்டது யாரு?”

“நாந்தான்,” என்றார் கிடாவை வளர்த்த வெயிலுமுத்து பெருமையாக. “எல்லாரும் பூஜைக்குத்தான் போடுவாங்க. நான் நேத்தே பெருசாப் போட்டுட்டேன்.”

பிரேமலதா கொடைக் கமிட்டித் தலைவர் கணேசபாண்டியனிடம் லென்ஸை நீட்டினார். “அரளின்னா பெரும்பாலும் கணுவுக்கு மூணு இலை சுத்தி நிக்கும். இதுல எத்தனை?”

“ரெண்டு. எதிரெதிரா இருக்கு.”

“ரெண்டு காம்புக்கும் நடுவுல?”

“முக்கோணமா ஒரு சின்னச் செதில்.”

“அரளிக்கு அது கிடையாது. இது காபிக் குடும்பம். அதோட, ஒரு இலையிலயாவது பல்லு பட்டிருக்கா பாருங்க.”

இல்லவே இல்லை. “அப்போ கிடா எதைத் தின்னுச்சு?” என்றார் கணேசபாண்டியன்.

“மாலை என்ன பூ, வெயிலுமுத்து?”

“செவ்வரளி...” என்றவர் அந்த நாரைப் பார்த்தார். “அய்யய்யோ!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரெபேக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் மேடம் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

கணேசபாண்டியன் தொண்டையைச் செருமினார். “யம்மா பேராச்சி, வரியக் கொண்டா. மொத வரி உன்னதுதான்.”

“செடிக்குப் பேரு என்ன மேடம்?” என்று கேட்டாள் பேராச்சி.

“பூத்தாத்தான் சொல்ல முடியும். இப்போதைக்குக் குடும்பம் மட்டுந்தான் தெரியும்.”

பேராச்சி கண்ணைத் துடைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எல்லாரும் கேட்டுக்கிடுங்க! எங்க வாசல்ல நிக்கது நல்ல குடும்பத்துச் செடி!”