பிடிக்க மாட்டேன் என்றாள் டெஸ்ஸா

டெஸ்ஸாவின் இடது உள்ளங்கை எப்போதும் சிவந்தே இருக்கும். நீர்நாய்கள் பேஸ்பால் அணிக்கு அவள்தான் கேட்ச்சர். மட்டை பிடித்து நிற்பவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பிட்சர் எறிகிற பந்தையெல்லாம் பிடிக்க வேண்டும். தடித்த கையுறை போட்டிருந்தாலும், பிட்சர் ஆர்லோ எறிந்தால் மட்டும் கை சுரீரென்று வலிக்கும்.

வியாழக்கிழமைப் பயிற்சியில் அவன் எறிந்தும் வலிக்கவே இல்லை.

டெஸ்ஸாவுக்குப் புரியவில்லை. இன்னொரு பந்து வந்தது. அதுவும் பஞ்சு மாதிரி வந்து விழுந்தது. எறிந்த பிறகு ஆர்லோ திரும்பி நின்று, முழங்கையை மெதுவாக நீட்டி மடக்கினான். நெற்றி வியர்வையை இடது கையால் துடைத்தான். அவன் வலது கைக்காரன்.

பயிற்சி முடிந்ததும் அவள் அவனைத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"டேய், கையில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்படின்னா இந்தப் பாட்டிலைத் திற பாப்போம்."

ஆர்லோ மூடியைத் திருகினான். முகம் சுளித்தது. பாட்டில் திறக்கவில்லை.

"கொஞ்ச நாளா உள்பக்கம் வலிக்குது," என்றான் மெல்ல. "யார்கிட்டயும் சொல்லாத டெஸ்ஸா. ப்ளீஸ். சனிக்கிழமை ஆட்டம் பாக்க எங்க அப்பா வர்றாரு."

டெஸ்ஸாவுக்கு அது தெரியும். அவர்களுடைய ஊர் பெரிய ஏரியின் கரையில் இருக்கிற துறைமுக ஊர். ஆர்லோவின் அப்பா இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் கப்பலில் வேலை செய்கிறார். பனி உருகியதும் கிளம்பினால் ஏரி மறுபடி உறையும்வரை கப்பல்தான் வீடு. ஆர்லோ பிட்சர் ஆனதிலிருந்து அவன் ஆடி அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. இப்போது கப்பலில் ஏதோ பழுது. அதனால் இந்த வார இறுதி முழுக்க அவர் ஊரில் இருப்பார்.

"அந்த ஒரு ஆட்டம் எறிஞ்சிட்டு அப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கறேன்."

"அதுக்குள்ள கை போயிட்டா?"

"போகாது."

"நீயே கோச்கிட்ட சொல்லிடுடா. நான் பக்கத்துல நிக்கறேன்."

ஆர்லோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்குப் பொறாமை. எப்பப் பாரு தவளை மாதிரி உக்காந்திருக்கறது நீ, கைதட்டு வாங்கறது நான். அதான்!"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு கையால்தான் ஓட்டினான்.

அன்று டெஸ்ஸாவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஆர்லோ காட்டிக்கொடுத்தவள் என்பான். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் அந்தப் பந்துகளைப் பிடிக்கப் போவது அவள்தான். ஒவ்வொரு பந்துக்கும் அவனுக்கு வலிக்கும். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் மாலை கோச் ஹேகன் எல்லோரையும் புல்தரையில் உட்கார வைத்தார். ஊருக்குத் தபால் கொண்டுவந்து தருபவர் அவர். பைக்குள் எப்போதும் நாய் பிஸ்கட் இருக்கும். எல்லாத் தெருவிலும் நாய்கள் உண்டே!

"பசங்களா, நாளைக்கு அரையிறுதி. ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை இறுதி. நம்ம அணி இவ்வளவு தூரம் வந்ததே இல்ல. இன்னிக்கு மூணு பிட்சரை முடிவு பண்ணணும். ஒரே ஆளை ரெண்டு நாளும் ரொம்ப நேரம் எறியவிட மாட்டாங்க. விதி அப்படி. நாளைக்கு ஆர்லோ. ஞாயித்துக்கிழமை டங்கன். மூணாவது யாருன்னு டெஸ்ஸாவைக் கேக்கலாம். எல்லார் பந்தும் அவ கைக்குத்தானே வருது?"

எல்லோரும் டெஸ்ஸாவைப் பார்த்தார்கள். ஆர்லோ மட்டும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

டெஸ்ஸா எழுந்து நின்றாள்.

"கோச், மூணாவது ஆளைப் பத்தி அப்புறம் சொல்றேன். நாளைக்கு ஆர்லோ எறிஞ்சா நான் பிடிக்க மாட்டேன்."

"என்னது?" என்றான் டங்கன். "ரெண்டு பேரும் சண்டையா?"

"சண்டை இல்ல."

"அப்புறம் ஏம்மா?" என்றார் கோச்.

"அதை ஆர்லோதான் சொல்லணும்."

எல்லோரும் ஆர்லோவின் பக்கம் திரும்பினார்கள். ஆர்லோவின் காது இரண்டும் சிவந்தன. எழுந்து ஓடிவிடுவான் என்றுதான் டெஸ்ஸா நினைத்தாள்.

அவன் ஓடவில்லை. "முழங்கை வலிக்குது கோச்," என்றான். அதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

கோச் ஹேகன் அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். "தப்பு என்னோடதுப்பா. ஜெயிக்கற ஆசையில உன்னையே திரும்பத் திரும்ப எறிய வெச்சுட்டேன்," என்றார். உடனே தன் வண்டியிலேயே டாக்டரிடம் அழைத்துப் போனார்.

ஆர்லோவை வீட்டில் இறக்கிவிட்டு அவர் தனியாகத் திரும்பி வந்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்ச நாள் ஓய்வு போதுமாம். இன்னும் ஒரு ஆட்டம் எறிஞ்சிருந்தா அடுத்த வருஷமும் ஆடியிருக்க முடியாதாம்." பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. இப்ப நமக்கு யார் இருக்கா?"

"நாளைக்கு டங்கன். ஞாயித்துக்கிழமை சோரன். ரெண்டு நாளும் கடைசியில வந்து முடிச்சுக் கொடுக்க பிப்பா," என்றாள் டெஸ்ஸா.

எல்லோரும் சிரித்தார்கள். பிப்பாவும் சேர்ந்து சிரித்தாள்.

"அவ பந்து வந்து சேர்றதுக்குள்ள ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுடலாம்!" என்றான் சோரன்.

"ரெண்டு சாப்பிடலாம்," என்றாள் பிப்பா.

"ஆமா, மெதுவாத்தான் வரும்," என்றாள் டெஸ்ஸா. "ஆனா நான் கையுறையை எங்க வெச்சாலும் சரியா அங்கயே வரும். இதுவரைக்கும் ஒரு பந்துக்குக்கூட நான் நகர்ந்ததில்ல. உன் பந்துக்கு வேலி வரைக்கும் ஓடியிருக்கேன், சோரன்."

இப்போது சோரனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கோச் தலையாட்டினார். மூன்று பிட்சர்களும் முடிவானார்கள். ஆனால் பிப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "டெஸ்ஸா, நான் ஆட்டத்துல ஒரு தடவைகூட எறிஞ்சதில்லயே!"

டெஸ்ஸா நேராக ஆர்லோவின் வீட்டுக்குப் போனாள். வலைக்கதவுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான். கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"போயிடு," என்றான்.

"போறேன். பிப்பா நாளைக்கு எறியறா. ரொம்பப் பயப்படறா. எனக்குப் பிடிக்கத்தான் தெரியும், எறியத் தெரியாது. அவளுக்கு உன்னை விட்டா வேற யாரு சொல்லித் தருவா?"

ஆர்லோ உள்கதவைச் சாத்தினான். டெஸ்ஸா மைதானத்துக்கே திரும்பி நடந்தாள்.

பிப்பா எறிந்தாள். டெஸ்ஸா பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யோ, அப்படி இல்ல பிப்பா! வேகமா எறியப் பாக்காத. இன்னும் மெதுவா எறி!"

ஆர்லோ வேலியில் சாய்ந்து நின்றிருந்தான். டெஸ்ஸாவைப் பார்க்கவில்லை. ஆனால் உள்ளே வந்தான்.

"மெதுவா, அதைவிட மெதுவா, அப்புறம் இருக்கறதுலயே வேகமா. மூணும் மாறி மாறி வந்தா அவங்க குழம்பிடுவாங்க. எதை எப்ப எறியணும்னு நாளைக்கு நான் சைகை காட்டறேன்."

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. எதிரணியில் எல்லோரும் ஒரு தலை உயரமாக இருந்தார்கள். டங்கன் கடைசிச் சுற்றுவரை சமாளித்தான். நீர்நாய்கள் அணி ஒரே ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தது. இன்னும் ஒரே ஒருவரை வெளியேற்றினால் போதும். ஆனால் டங்கனுக்கு மூச்சு வாங்கியது. எதிரணிப் பையன் ஒருவன் மூன்றாவது தளத்தில், ஓடிவந்து ஆட்டத்தைச் சமனாக்கத் தயாராக நின்றான்.

கோச் கையைத் தூக்கினார். பிப்பா எறியும் மேட்டுக்கு நடந்து வந்தாள்.

மட்டை பிடித்து நின்றவன் இருப்பதிலேயே பெரியவன். பிப்பாவைப் பார்த்துச் சிரித்தான். டெஸ்ஸா கோச்சின் பக்கம் பார்த்தாள். அங்கே ஆர்லோ இடது கையால் மூக்கைத் தொட்டான். அந்தச் சைகைக்கு அர்த்தம், மெதுவாக.

பிப்பா எறிந்தாள். அவன் மட்டையைச் சுழற்றி, ஒரு சுற்றுச் சுற்றி முடித்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஆர்லோ காதைத் தொட்டான். அதைவிட மெதுவாக. இந்த முறை மட்டை பிடித்தவன் காத்திருந்தான், காத்திருந்தான், பொறுக்க முடியாமல் அடித்தான். பந்து பக்கவாட்டில் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.

இரண்டு தவறியாயிற்று. மூன்றாவதும் தவறினால் அவன் வெளியே. ஆர்லோ தலைமேல் கை வைத்தான். இருப்பதிலேயே வேகமாக!

பிப்பாவின் வேகம் பெரிய வேகமில்லை. ஆனால் அந்தப் பையன் நத்தைக்காகக் காத்திருந்தான். அவன் மட்டையை அசைக்கும் முன்பே பந்து டெஸ்ஸாவின் கையுறைக்குள் இருந்தது.

"ஸ்ட்ரைக்!" என்று கத்தினார் நடுவர்.

பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்றே தெரியவில்லை. பிப்பாவைத் தூக்கி, கீழே போட்டு, மறுபடி தூக்கினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நெட்டையான ஒருவர் வந்தார். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது ஆர்லோ.

"அப்பா, இவதான் டெஸ்ஸா. என் பந்தைப் பிடிக்க மாட்டேன்னு சொன்னவ."

அவர் தொப்பியைக் கழற்றினார். ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தவர்போல வாயைத் திறந்தார். "ரொம்ப நன்றிம்மா," என்று மட்டும் சொன்னார்.

"நீங்க வந்தும் அவன் எறியறதைப் பாக்க முடியலயே," என்றாள் டெஸ்ஸா.

"யாரு சொன்னா? நாளெல்லாம் அவனைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். மூக்கைத் தொடறான், காதைத் தொடறான். முதல்ல கொசுக்கடின்னு நினைச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் நீர்நாய்கள் அணி தோற்றது. சோரன் நன்றாக எறிந்தான், பிப்பா அதைவிட நன்றாக எறிந்தாள். மற்ற அணி இன்னும் நன்றாக ஆடியது. கோச் ஹேகன் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். தோற்றவர்கள் மாதிரி யாருமே சாப்பிடவில்லை.

அன்று மாலை கப்பல் கிளம்பியது. அணி மொத்தமும் கையசைக்கத் துறைமுகச் சுவரோரம் நின்றது. ஆர்லோ கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு டெஸ்ஸாவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்கு உன்னைக் கண்டபடி பேசிட்டேன்," என்றான்.

"பேசின."

"என் கையை நீதான் காப்பாத்தின. தேங்க்ஸ் டெஸ்ஸா."

அவள் சிரித்தாள். அப்போது கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. சுவரே அதிர்ந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை, சின்னதாக, ஒரே ஒரு ஊதல்.

"ரெண்டாவது எதுக்கு?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"முதல் ஊதல் ஊருக்கு," என்றான் ஆர்லோ. "கேப்டன்கிட்ட கேட்டு அப்பா இன்னொண்ணு வாங்கி வெச்சிருந்தாரு. அது உனக்கு."