துபாய் சொன்ன அளவு

“நானூத்திப் பன்னெண்டா? வெறும் வயித்துலயா? அம்மா... அத்தாவுக்கு என்னத்தக் குடுத்துத் தொலைச்சீக?”

துபாயிலிருந்து மகன் ரபீக்கின் குரல் செல்போன் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டது. சுகர் பார்க்கும் மிசினை வாங்கி அனுப்பியவன் அவன்தான். தினமும் காலையில் மெகருன்னிசா கணவர் அமானுல்லாவின் விரலில் குத்தி, மிசின் காட்டுவதைச் சொல்ல வேண்டும். அங்கிருந்தபடியே அவன் இன்சுலின் அளவைச் சொல்வான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

“ராத்திரி ரெண்டு இட்லிதான்டா சாப்பிட்டாக...”

“பொய் சொல்லாதீக மதினி!” நாத்தனார் ரெஹானா பாய்ந்தாள். “அல்வாவ ஒளிச்சு வச்சு நீங்களும் திங்கிறீக, எங்கண்ணனுக்கும் ஊட்டுறீக!”

மெகருன்னிசா மிசினைக் கீழே வைத்தாள். நேற்று மகன் கூட்டிச் சொன்ன அளவைப் போட்டதும் சுகர் இறங்கி அமானுல்லா வேர்த்துச் சரிந்தார். பட்டினி போட்டாள் என்றார்கள். இன்றைக்கு ஊட்டினாள் என்கிறார்கள். சே, என்ன ஜென்மங்கள்! அமானுல்லாவோ வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ரெண்டு மடங்காப் போடுங்கம்மா” என்றான் ரபீக்.

“இருடா! என் ரத்தத்தையும் பாத்துருவோம். நான் என்னத்தத் தின்னேன்னு இவளுக்குத் தெரியட்டும்!”

ஆத்திரத்தோடு தன் விரலில் குத்திக்கொண்டாள். முந்நூற்று எழுபது!

“பாத்தீகளா!” ரெஹானா கைதட்டினாள்.

மெகருன்னிசா திகைத்துப்போனாள். எழுந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சுகர் வியாதியும் இல்லை. விரல்களைப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டின. விடியலிலிருந்து அவளும் அமானுல்லாவும் தோட்டத்துத் திராட்சையைக் கேரளா லாரிக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெடித்த பழங்களைக் கிள்ளி எறிந்த கையைக் கைலியில் துடைத்துவிட்டுத்தான் அவர் விரலை நீட்டுவார். அறுப்பு தொடங்கியதிலிருந்து இதே கதைதான்.

குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி குத்தினாள். தொண்ணூற்றிரண்டு. அமானுல்லாவையும் இழுத்துப்போய்க் கழுவவைத்துக் குத்தினாள். நூற்றுப் பதினெட்டு.

ரெஹானாவின் முகம் செத்துப்போனது.

“பழச்சாறுடா ரபீக்... கையில ஒட்டுன வெறும் பழச்சாறு! நீ சொன்னதப் போட்டிருந்தா ஒங்கத்தா மய்யத்தாக் கெடப்பாக. என் கையாலயே கொன்னுருப்பேன்!”

போனில் விசும்பல் கேட்டது. “அம்மா... என்னைய மன்னிச்சிருங்கம்மா...”

அவள் அதைக் கேட்கவே இல்லை. கணவர் பக்கம் திரும்பினாள்.

“அவனாச்சும் கடல் தாண்டி இருக்கான். நீங்க இங்கனதான இருந்தீக? நான் ஒண்ணும் ஊட்டலன்னு ஒங்க வாய்க்குத் தெரியாதா? ஒரு வாட்டி சொன்னீகளா? எனக்கு அருவருப்பா இருக்குங்க... இத்தன வருசம் ஒங்ககூடவா குடும்பம் நடத்துனேன்!”

அமானுல்லா போனை எடுத்தார். “ஏலே ரபீக்... ஒங்கம்மா எதுவுமே குடுக்கலடா. தங்கச்சி கூட எதுக்குச் சண்டைன்னு நான்தான் வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்... நான்தான்டா பாவி!”

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். மெகருன்னிசா எப்போதும் போடும் அளவை ஊசியில் ஏற்றினாள்.

“சட்டையத் தூக்குங்க.”

குத்தும்போது அவர் கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.