செட்டிக் கம்பத்தில் ஒரு மேடை

"போன மாசம் உங்க முதலாளி சொன்ன வாடகை வேற… இப்ப எப்படி ரெண்டு மடங்காச்சி?"

பண்டார் ஹிலிர் மண்டபத்தில் கணக்கெழுதும் கிராணி பொன்னுதுரை நிமிர்ந்து பார்த்தான். தமிழ்ப்பள்ளி ஆசிரியை கோகிலா. மழையில் நனைந்த முகம்… கோபத்தில் சிவந்த கண்கள்.

"வாடகை அதேதான், டீச்சர். நாற்காலி, விளக்கு, காவல்… அதெல்லாம் தனி. மெர்டேக்கா வாரம், சுதந்திர நாளுக்கு எல்லாரும் மண்டபம் கேக்கறாங்க. அதுங்களுக்குத்தான் முதலாளி ஏத்திட்டாரு."

"பிள்ளைங்களப் பெத்தவங்க கொடுத்த பணம் அவ்வளவுதான் இருக்கு. நாடகத்துக்கு அழைப்பிதழும் போயிடுச்சி."

அவன் தயங்கினான். காஜா பேராங் செட்டிக் கம்பத்துக்காரன்; பல தலைமுறைக்கு முன் மலாய் மண்ணில் குடியேறிய செட்டிகளின் கிராமம் அது. அங்கே வீட்டில் பேசுவது மலாய். தமிழைத் தேடித் தேடித்தான் பேசுவான்.

"மிச்சம்… நான் போடறேன். என் சம்பளத்தில."

"நான் தானம் கேட்டு வரல, கிராணி சார்."

விருட்டென்று மழையில் இறங்கி நடந்தாள். பாதி வழியில்தான் உறைத்தது… அவன் கண்களில் ஏளனம் இல்லையே?

வீட்டில் அண்ணன் மருதமுத்து பொரிந்து தள்ளினான்.

"பணம் கொடுத்தவங்க நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. எல்லாத்தையும் திருப்பிக் கொடு. இதோட ஊர் வேலைக்கு ஒரு கும்பிடு போடு."

கோகிலா ஈரத் தலையைத் துவட்டினாள். நாடகத்துக்காக ஒரு மாதமாக ஒத்திகை பார்க்கும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

மறுநாள் பள்ளி வாசலில் சைக்கிளோடு நின்றான் பொன்னுதுரை.

"டீச்சருக்கு மண்டபம் வேணுமா, மேடை வேணுமா?"

"கேலி பண்றீங்களா?"

"இல்ல. எங்க கம்பத்துல திடல் இருக்கு. கல்யாணப் பந்தல், பலகை எல்லாம் இருக்கு. பெரியவங்ககிட்ட கேட்டுட்டேன். பந்தல் போடறவங்க கூலி மட்டும் கொடுங்க. உங்க பணம்… தானம் இல்ல."

சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க முதலாளிக்குத் தெரிஞ்சா?"

அவன் சைக்கிளைத் திருப்பினான்.

சுதந்திர நாள் மாலை. வானம் கறுத்திருந்தது. பிள்ளைகள் மேடையேறியபோது காற்று பந்தலைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாம் வரிசையில் அண்ணன் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கயிறு அறுந்தால் போதும்… எல்லாம் முடிந்தது. கோகிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பந்தல் விழவில்லை. கைதட்டல் அடங்கியதும் மேடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே பொன்னுதுரை கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்தபடி நின்றிருந்தான். உள்ளங்கைகள் கன்றிப்போயிருந்தன.

"நாளைக்கு இந்தக் கையோட எப்படி வேலைக்குப் போவீங்க?"

"வேலை இல்ல, டீச்சர். மண்டபத்துக்கு வந்தவங்கள வேற இடத்துக்கு அனுப்பினேன்னு… முதலாளி நிறுத்திட்டாரு."

அவள் அவன் கை ஒன்றைப் பற்றிக்கொண்டாள்.

"யாரோ ஒருத்திக்காக… ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"அன்னிக்கி நீங்க மழையில போனீங்க. என்னால உக்கார முடியல. எனக்கு உங்கள…" சொல் கிடைக்காமல் நின்றான். "தமிழ்ல எப்படிச் சொல்றது?"

"புடிச்சிருக்கு," என்றாள் கோகிலா. "சொல்லித் தரல… என் மனசத்தான் சொல்றேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் கூப்பிடும் குரல் கேட்டது. கன்றிய அந்தக் கையை அவள் விடவில்லை.